செத்த பாத்திகளின் பக்கத்தில்

செய்தியைக் கொண்டுவந்தவன் பிலோமினாவின் தம்பி அந்தோணி. அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குள் காவலாளி அவனை விடவில்லை. வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தான். அண்ணனூர் பணிமனையில் மின்ரயில் பெட்டிகளைக் கழுவுகிற வேலை அவனுக்கு. சீருடை இன்னும் ஈரமாக இருந்தது.

"எங்கக்கா பூட்சி, அண்ணாத்தே" என்றான். நான் எதுவும் கேட்காமலே, "காலீலதான். டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே" என்று சேர்த்துக்கொண்டான். டாக்டர் வந்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். முப்பதாம் நாள் பூசைக்குச் சிறு மலர் ஒன்று அச்சடிக்கிறார்களாம். "நீதான் எழுதணும். நல்லதா நாலு வார்த்தை போடு" என்றான். அந்தோணி, உன் அக்காவைப் பற்றி நல்லது நிறைய எழுதலாம். ஆனால் அவருக்கு நடந்தது நல்லதில்லை. ஒன்றை விட்டு ஒன்றை எழுத எனக்கு வராது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சேக்காட்டில் அவரிடம் டியூஷன் படித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். உங்களுக்கு அவர் கணக்கு டீச்சர். மீதிப் பேர் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் அவரோடு வேலை பார்த்தவர்கள். உங்களுக்கு அவர் யார் என்று தெரியும். தெரிந்தும் அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பண்ணை ஆவடிக்கு அந்தப் பக்கம், வெள்ளானூரை ஒட்டி இருந்தது. பெயர் வேண்டாம். எண்பதுகளில் அந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் கெட்டுக்கொண்டிருந்தன. ஆலைகள் விட்ட கழிவு ஓடைக்குப் போய், ஓடையிலிருந்து ஏரிக்குப் போய், மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் உப்பாக ஏறியது. நட்ட சில நாளிலேயே நாற்றின் நுனி கருகும். கழிவை நிறுத்து என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, அந்தக் கழிவைக் குடித்து உயிர் வாழும் நெல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லி எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு. ஏகாம்பரம் பயிர் மரபியல் படித்தவர். நெல்லை நெல்லோடு கலந்து புது வரிசைகளை, அதாவது புது நெல் வகைகளை, உண்டாக்குவது அவர் வேலை. பிலோமினா புள்ளியியல் முதுகலை. எந்த வரிசை உண்மையிலேயே நன்றாக வந்தது, எது தற்செயலாக நன்றாகத் தெரிகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. நான் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்த இயந்திரக்காரன். பம்பு, தராசு, கதிரடிக்கும் எந்திரம் எல்லாம் என் பொறுப்பு. ஏகாம்பரம் மட்டும் நிரந்தரம். பிலோமினாவும் நானும் தற்காலிகம். வருடா வருடம் ஒருநாள் நிறுத்திவைத்து, மறுநாள் புதிதாகச் சேர்ப்பது போல ஆணை தருவார்கள். அந்த ஒரு நாளில் நமக்கு வேலையும் கிடையாது, உரிமையும் கிடையாது. பிலோமினா அந்த நாளில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "இன்னிக்கு நான் செத்துப் பொழச்சேன்" என்பார்.

அவரை முதலில் நான் எதிரியாகத்தான் பார்த்தேன். ஒவ்வொரு சின்னப் பாத்தியின் நெல்லையும் தனித்தனியாக அடிக்க ஒரு எந்திரம் செய்திருந்தேன். காலால் மிதித்தால் உருளை சுற்றும். எல்லோரும் பாராட்டினார்கள். பிலோமினா வந்து, முதல் பாத்திக் கதிரோடு ஒரு பிடி உளுந்தையும் உள்ளே போட்டார். "இன்னாக்கா இது?" என்றேன். "அடி, சொல்றேன்" என்றார். அடித்து முடித்தேன். அடுத்த பாத்திக் கதிரைப் போட்டு அடித்தேன். நெல்லோடு சேர்ந்து உளுந்து வந்து விழுந்தது. அதற்கடுத்த பாத்தியிலும் விழுந்தது.

"இன்ஜினியரே, உன் மெஷினுக்கு நேத்து துன்னது இன்னிக்குத்தான் செரிக்குது" என்றார். சுற்றி நின்ற நடவுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் நான் எந்திரத்துக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒரு பாத்தியின் நெல் இன்னொரு பாத்தியின் கணக்கில் ஏறக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். உருளையைக் கழற்றித் துடைக்கிற மாதிரி அதை மாற்றிக் கட்டினேன். அவரே வந்து மறுபடி உளுந்து போட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மீதி உளுந்தைக் கையில் கொடுத்து, "வடை சுட்டுத் துன்னு" என்றார்.

எந்த நெல்லை எந்தப் பாத்தியில் நடுவது என்பதை அங்கே யாரும் முடிவு செய்யக் கூடாது. அது பிலோமினா வைத்த வழக்கம். எண் எழுதிய சீட்டுகளைப் பால் பவுடர் டின்னில் போட்டுக் குலுக்கி, நடவுக்கு வந்த பெண்களையே எடுக்கச் சொல்வார். எந்த எண் வருகிறதோ அந்த நெல் அந்தப் பாத்தியில். ஒவ்வொரு நெல்லுக்கும் பல சீட்டு, பல பாத்தி. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லா நெல்லுக்கும் சமமாகக் கிடைக்க வேறு வழியில்லை. பெண்களுக்கு அது ஒரு விளையாட்டு. "எனக்கு ஏகாம்பரம் சார் நெல்லு உழுந்துச்சுடி, எனக்குத்தான் கல்யாணம்" என்று ஒருத்தி கத்துவாள். ஏகாம்பரம் வரப்பிலிருந்து, "ஏலச்சீட்டு நல்லா நடக்குதா?" என்பார்.

ஒருமுறை பெரிய சார் வந்தார். பண்ணைத் தலைவரை அப்படித்தான் அழைப்போம். அமைச்சர் ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. தன்னுடைய ரகத்தைச் சாலையோரப் பாத்திகளில் நட்டால் வண்டியிலிருந்தே தெரியும் என்றார். அது பழைய மாட்டுக் கொட்டகை இருந்த இடம். அங்கே குச்சியை நட்டாலும் துளிர்க்கும். பிலோமினா டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சார், மினிஸ்டர் எந்தப் பக்கமா வராருன்னு நெல்லுக்குத் தெரியாது" என்றார். பெரிய சார் சிரித்தார். அவர் எப்போது சிரித்தாலும் எங்களில் யாருக்கோ கெடுதல் வரப்போகிறது என்று அர்த்தம்.

ஏகாம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா அந்தச் சுற்றுவட்டார நிலங்களில் கூலி வேலை பார்த்தவர். அண்ணன்கள் ஆலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் தெருவில் முதுகலை படித்த முதல் ஆள் ஏகாம்பரம். படித்து, தேர்வெழுதி, விஞ்ஞானியாக அந்தப் பண்ணைக்கே வந்தார். வந்த பிறகும் அலுவலகத்துப் பியூன் ஒருவர் அவர் மேசைக்கு டீ கொண்டுபோக மாட்டார். ஏதாவது வேலை வந்துவிடும். ஒருநாள் பிலோமினா தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் ஏகாம்பரத்தின் மேசையில் வைத்து, பியூனைப் பார்த்து, "பாத்தியா, கை அழுகிப் போவல" என்று விரல்களை விரித்துக் காட்டினார். ஏகாம்பரத்துக்கு அது பிடிக்கவில்லை. "எனக்காக நீங்க சண்ட போடாதீங்க. நெல்லு வரட்டும். அப்பறம் எல்லாரும் கொண்டாருவான்" என்றார். அந்த மனிதர் எல்லாவற்றையும் அந்த நெல்லின் மேல்தான் வைத்திருந்தார்.

நெல் வந்தது. அவர் உண்டாக்கிய வரிசைகளையும் வெளியிலிருந்து வாங்கிய வரிசைகளையும் உப்புக் கிணற்றுத் தண்ணீர் விட்டு வளர்த்தோம். பல பாத்திகள் பாதியிலேயே கருகிச் செத்தன. ஏகாம்பரத்தின் ஒரு வரிசை மட்டும் ஓங்கி நின்றது. சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அறுத்து, அடித்து, எடை போட்டோம். பிலோமினா கணக்குப் போட்டார். மற்ற எல்லாவற்றையும்விட அது மேல், தற்செயல் இல்லை என்று வந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரிய சார் அதை ரகமாக வெளியிடச் சொல்லி மேலே அனுப்பினார். பண்ணையிலிருந்து பல வருடமாக ஒன்றும் வெளிவரவில்லை. அவருக்கும் அது தேவைப்பட்டது. ஏகாம்பரத்தின் அப்பா ஒரு பை நிறைய முறுக்கும் வாழைப்பழமும் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். பியூன்கூட வாங்கித் தின்றார்.

சில நாள் கழித்துப் பிலோமினா எங்கள் இருவரையும் வயலுக்குக் கூப்பிட்டார். அறுவடை முடிந்து அரிதாள் மட்டும் நின்ற வயல். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றிருந்தார். செருப்பு வரப்பில் கிடந்தது. முகம் சரியில்லை.

"இந்தத் தூரைப் பாரு ஏகாம்பரம்" என்றார்.

ஏகாம்பரத்தின் நெல் நின்ற பாத்தி அது. பக்கத்துப் பாத்தியில் நெல் கருகிச் செத்து, கடைசிவரை மொட்டையாகக் கிடந்தது. அந்த மொட்டைப் பக்கம் இருந்த வரிசையில் அறுத்த தாள் கை கொள்ளாத அளவுக்குத் தடித்திருந்தது. அதற்கு உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்தது. நடு வரிசையில் சாதாரண நெல்லின் தூர்தான். பிலோமினா எங்களை அதே நெல் நின்ற இன்னொரு பாத்திக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கேயும் பக்கத்தில் செத்த பாத்தி. அங்கேயும் அதே கதை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏகாம்பரத்தின் நெல்லுக்கு இரண்டு பக்கமும் உயிருள்ள பயிர் நின்றிருந்தது. அங்கே தூர் எல்லாம் ஒல்லியாக இருந்தது.

விஷயம் புரிய எனக்கே நேரமாகவில்லை. பக்கத்திலிருந்த பயிர் செத்ததும், அது தின்ன வேண்டிய உரத்தையும் வெயிலையும் இது தின்றிருக்கிறது. வழக்கமாக ஓர வரிசையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும்தான் எடை போட வேண்டும். அந்த வருடம் விதை கொஞ்சமாக இருந்ததால் பாத்திகள் சின்னவை. ஓரத்தையும் சேர்த்தே அறுத்தோம். எங்கள் நேர்மையான சீட்டுக் குலுக்கலில், ஏகாம்பரத்தின் நெல்லுக்குப் பெரும்பாலும் சாகப்போகிற நெல்லின் பக்கத்தில் இடம் விழுந்திருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. டின்னுக்குள் கைவிட்டதும் அந்தப் பெண்கள்தான். ஆனாலும் கணக்குப் பொய்.

"உப்புல இது சாவல, அது நெசம்" என்றார் பிலோமினா. "ஆனா நல்லா வெளையுதுன்னு நான் எழுதினது நெசம் இல்ல. பக்கத்துல இருந்தது செத்ததால வெளைஞ்சிருக்கு. ஓரமா, நடுவான்னு தனியா எடை போடாம நான் எப்படிக் கையெழுத்துப் போட்டேன்? முட்டாள்தனம் என்னோடது. இன்னொரு பருவம் போட்டுப் பாக்கலாம். இப்ப போனதை வாபஸ் வாங்கிடலாம்."

ஏகாம்பரம் குனிந்து ஒரு தூரைப் பிடுங்கினார். வேர் மண்ணோடு வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய சார் ரகம் வெளிய போச்சே, அதுக்கு எவன் ஓரத்தைப் பாத்தான்?" என்றார்.

"அப்ப நான் இல்ல. இப்ப கீறேன்."

"ஆமா, கீறீங்க. நேர்மையா இருக்கணும்னு தோணுறப்ப எல்லாம் உங்களுக்கு எங்க நெல்லுதான் கெடைக்குது. இத்தினி வருசமா இந்தப் பண்ணையில எத்தினி பொய் வெளிய போச்சு? எல்லாத்தையும் உட்டுட்டு, ஒரு கூலிக்காரன் புள்ள ஒண்ணு கொண்டாந்தா, ஒடனே சேத்துல எறங்கித் தூர எண்ணுறீங்க."

பிலோமினாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீ சொல்றது சரி ஏகாம்பரம். ஒண்ணுகூடத் தப்பில்ல" என்றார். "ஆனா அந்த நெல்ல யாரு நடப்போறாங்க? பெரிய சாரா? உப்புத் தண்ணி பாயிற கடமடையில யாரு பயிர் வெக்கிறாங்க? உங்க நைனாதான். உங்க தெருதான்."

ஏகாம்பரம் தூரைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நான் இன்றுவரை ஏகாம்பரம் சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது கோபத்தில் சொன்ன பேச்சு என்று தள்ள முடியாது. நம்மூரில் தராசு நேராக நிற்க வேண்டும் என்ற ஞாபகம் எப்போது வருகிறது என்று பாருங்கள். மேலே இருக்கிறவன் எடை போட்டுக்கொண்டு போன பிறகு, கீழே இருக்கிறவன் வரிசையில் வந்து நிற்கும்போதுதான். பிலோமினா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. ஆனாலும் அந்த நாளில் அவர் செய்தது அந்தக் கூட்டத்துக்கு வசதியான இடத்தில் போய் நின்றது. அவருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் செய்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது உளுந்துக்காக இல்லை, இதற்காகத்தான்.

மறுநாள் பெரிய சாரின் அறைக்குள் போனார். ஜன்னலுக்கு வெளியே நான் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்டது. அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த மேசையில்தான் இருந்தது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரிய சாரே அதை எடுத்துக் காட்டினார்.

"இதுல நான் கையெழுத்துப் போடலாம்னு இருக்கேன்மா. நீங்க போட்ட கையெழுத்து அப்படியே இருக்கட்டும். அது போதும்."

"நான் போட்டது தப்பு சார்."

"தப்புன்னு யாரு சொல்றா?"

"நான்தான் சார்."

"ஏகாம்பரம் சொல்றாரா?"

பதிலுக்குக் காத்திராமல், "சொல்லலியே" என்றார் பெரிய சார். "உங்களுக்கு மட்டும் என்னம்மா? வயசான அப்பா, படிக்கிற தம்பி. யோசிங்க."

"யோசிச்சுட்டுதான் வந்தேன் சார். எண்ணுக்கு வெக்கம் கெடயாது. நாம எப்படி வெச்சாலும் நிக்கும். நமக்குத்தான் வெக்கம் இருக்கணும்."

பெரிய சார் சிரித்தார்.

அந்த வருடம் ஒருநாள் நிறுத்திவைத்த பிறகு பிலோமினாவுக்கு மறு ஆணை வரவில்லை. எனக்கு வந்தது. அவருடைய மேசையில் வேறொருவர் வந்து உட்கார்ந்து, பழைய கணக்கையே தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் அத்தனை பேர் இருந்தோம். அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, நடவுப் பெண்கள் மட்டும்தான் கூட நடந்து சாலைவரை போனார்கள். பஸ் வரும்வரை நின்றார்கள். அவர்களுக்கு அன்றைக்கு அரை நாள் கூலி வெட்டு.

நெல் ரகமாக வெளியே போனது. மேடை போட்டார்கள். மேடையில் ஏகாம்பரத்துக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. பெரிய சார் அதைத் தன் தலைமையில் நடந்த ஆராய்ச்சி என்றார். வெள்ளானூரைச் சுற்றிக் கடைமடையில் இருந்தவர்கள் ஆசையோடு வாங்கி நட்டார்கள். ஏகாம்பரத்தின் அப்பா, குத்தகைக்கு எடுத்த நிலம் முழுக்க மகனின் நெல்லையே போட்டார். இந்த முறை பக்கத்தில் சாக யாரும் இல்லை. வயல் முழுக்க ஒரே நெல், உரத்துக்கும் வெயிலுக்கும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. பயிர் பச்சையாகத்தான் இருந்தது. கதிர்தான் இல்லை. இருந்த கதிரிலும் பாதி பதர். பழைய நெல்லைப் போட்டிருந்தால்கூட அதைவிட வந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

களத்தில் அந்தக் கிழவர் முறத்தில் தூற்றிக்கொண்டிருந்தபோது நான் அங்கே இருந்தேன். பதர் எல்லாம் காற்றோடு போனது. மகனைப் பார்த்துக் கோபமில்லாமல்தான் சொன்னார்: "உன் நெல்லு சாவல நைனா. ஆனா ஊட்டுக்கும் வரல." ஏகாம்பரம் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நின்ற விதத்தை நான் எழுத மாட்டேன்.

பெரிய சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதவி உயர்ந்து நகரத்துக்குள் போனார். தவறான பரிந்துரை என்று விளக்கம் கேட்டது ஏகாம்பரத்திடம். தெற்கே ஒரு மூலைக்கு மாற்றினார்கள். என்னையும் அடுத்த வருடம் அந்த ஒரு நாளிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பிலோமினா சேக்காட்டில் வீட்டு முன்னறையில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அது உங்களுக்குத் தெரிந்த கதை. உங்களுக்குத் தெரியாதது, மார்பில் கட்டி இருப்பது அவருக்கு முன்பே தெரியும் என்பது. பிள்ளைகளுக்குப் பெரிய பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். அது முடிந்ததும் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. பிறகு மறுபடி பரீட்சை. நிரந்தரமாகியிருந்தால் வைத்தியச் செலவைப் பண்ணை ஏற்றிருக்கும். ஒரு பொய்க் கணக்கைத் திருப்பி வாங்க முயன்றதற்கு விலை இது என்று நான் சொன்னால், பிலோமினா இருந்திருந்தால் என்னை அடக்கியிருப்பார். இது காரணம், அது விளைவு என்று அவ்வளவு சுலபமாக எழுதக் கூடாது என்று அவர் எப்போதும் சொல்வார். மன்னியுங்கள் அக்கா. இந்த ஒரு இடத்தில் நான் எழுதத்தான் போகிறேன். இது காரணம். அது விளைவு.

அரசு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தது கடைசி மாதத்தில். கட்டிலுக்குக் கீழே இன்னொரு நோயாளி பாயில் படுத்திருந்தாள். பிலோமினா ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பெண்ணுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் இன்னா சொல்றார்?" என்று கேட்டேன்.

"சராசரியா இவ்ளோ நாள்னு சொல்றாரு. சராசரிய நான் நேர்ல பாத்ததே இல்லன்னேன். சிரிச்சாரு. நல்ல புள்ள, தூக்கமே இல்ல அதுக்கு." பிறகு திடீரென்று, "ஏகாம்பரத்தைப் பாத்தியா?" என்றார்.

இல்லை என்றேன்.

"நான் ஒண்ண மட்டும் அப்ப சொல்லாம உட்டுட்டேன். அதே வயல்ல, பெரிய பெரிய பயிருக்கு நடுவுல மாட்டிக்கினு சின்னதா நின்ன நெல்லு சிலது இருந்திச்சில்ல? அதெல்லாம் சரியில்லன்னு தூக்கிப் போட்டோம். அதுல ஒண்ணு நல்லதா இருந்திருக்கும். செத்ததுக்குப் பக்கத்துல நின்னது பெருசாத் தெரிஞ்சா, பெருசுக்குப் பக்கத்துல நின்னது சின்னதாத்தானே தெரியும்? அவனுக்கு அது தோணிச்சான்னு கேளு. அந்த வெதை எங்கியாவது கீதான்னு கேளு."

அந்த மாதம் எங்கள் தொழிற்சாலையில் விடுப்பு கிடையாது. தெற்கே போக என்னால் முடியவில்லை. ஏகாம்பரத்தை நான் பார்த்தது பிலோமினாவின் அடக்கத்தில்தான்.

எப்படித் தெரிந்ததோ, பஸ் பிடித்து வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பின்னால், சுவரோரம் நின்றார். தலை நரைத்துவிட்டது. எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகு வந்து ஒரு பிடி போட்டார். அதன்பிறகு வாசலுக்கு வெளியே டீக்கடையில் நாங்கள் நின்றோம்.

"அன்னிக்கே தெரியும்" என்றார். "அந்த அரிதாளப் பாத்த ஒடனே தெரிஞ்சிச்சு. தெரியாம இருந்திருந்தா நான் அவ்ளோ கத்தியிருக்க மாட்டேன்."

மாற்றிப் போன ஊரில் அவர் அந்த நெல்லை மறுபடி நட்டாராம். நாலு பக்கமும் உயிருள்ள பயிரை வைத்து, ஓர வரிசையைத் தனியாக அறுத்து. பிலோமினா சொன்னதுதான் வந்ததாம். "வந்து சொல்லணும்னு இருந்தேன். இன்னா மூஞ்ச வெச்சிக்கினு வர்றது? அடுத்த லீவுல, அடுத்த லீவுலன்னு உட்டுட்டேன்."

நான் பிலோமினா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். சின்னதாக நின்ற நெல்லைப் பற்றி. அவர் டீ டம்ளரைப் பலகையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அது தனக்கும் தோன்றியதாகவும், தோன்றியதும் பண்ணைக்கு ஆள் அனுப்பிக் கேட்டதாகவும் சொன்னார். பெரிய சார் போனதும் புதிதாக வந்தவர் விதை அறையைக் காலி செய்து வெள்ளையடித்திருக்கிறார். ஒதுக்கிய விதை எல்லாம் கோழித் தீவனத்துக்குப் போய்விட்டது.

ஆக, அந்த நெல் இனி இல்லை. நல்ல நெல்லா என்று யாருக்கும் தெரியாது. உப்புக் கிணறுகள் இருக்கின்றன. கடைமடையில் இப்போது வீட்டு மனைக்குக் கல் நடுகிறார்கள். ஏகாம்பரத்தின் அப்பா காவலாளி வேலைக்குப் போகிறார். பண்ணையிலிருந்து அடக்கத்துக்கு ஒரு மாலைகூட வரவில்லை. வந்திருந்தால் நானே தூக்கி வெளியே போட்டிருப்பேன்.

பிலோமினாவிடமிருந்து எனக்கென்று என்ன வைத்துக்கொண்டேன் என்று அந்தோணி எழுதச் சொன்னான். பொருள் எதுவும் இல்லை.

போன மாதம் எங்கள் தொழிற்சாலையில் லட்டு கொடுத்தார்கள். என் பிரிவில் உற்பத்தி கூடியிருக்கிறதாம். எப்படிக் கூடியது என்று மற்றப் பிரிவுகளுக்கும் பயன்படும்படி அறிக்கை எழுதித் தரச் சொன்னார் மேலாளர். எங்களுக்கு அடுத்த கொட்டகையில் இருந்த பிரிவை மழைக்காலத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் என்னோடு ஒரே ரயிலில் வந்தவர்கள். அவர்களுக்குப் போன மின்சாரமும் கம்ப்ரசர் காற்றும் நல்ல கருவிகளும் இப்போது எங்களுக்கு வருகின்றன. எங்களில் யாரும் முன்பைவிடத் திறமையாக வேலை பார்க்கவில்லை. நான் அறிக்கையின் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன். பக்கத்துப் பிரிவில் இருந்தவர்கள் வெளியே அனுப்பப்பட்டதால் இந்தப் பிரிவின் உற்பத்தி கூடியது.

மேலாளர் கூப்பிட்டார். "இது தேவையா? எடுத்துட்டு எழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். எடுக்காமல் மறுபடி அவர் மேசையில் வைத்தேன். இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. நேற்று மூன்றாம் முறையாக வைத்திருக்கிறேன், ஒரு எழுத்தும் மாற்றாமல்.